லாரிக்கு வாங்கும் ‘ஹேஸ்மேட் கிட்’: பையில் இருப்பதும் சலானில் வருவதும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்தில் லாரி சாமான் விற்கும் கடைகளில் ‘ஹேஸ்மேட் கிட்’ என்று கேட்டால், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கான பாதுகாப்புச் சாமான் அடங்கிய, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பையை எடுத்து வைப்பார்கள். உள்ளே ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கம்பூட்ஸ், ஏப்ரன், முகக்கவசம், முதலுதவிப் பெட்டி, டார்ச், எச்சரிக்கை முக்கோணம், சின்னதாக ஒரு தீயணைப்பு சிலிண்டர், பிளாஸ்டிக் உறையில் ஒரு டிரெம் கார்டு (சரக்கின் ஆபத்தும் அவசரத்தில் செய்யவேண்டியதும் எழுதிய அட்டை), சுருட்டி வைத்த மூன்று ஸ்டிக்கர். “இது வண்டியில இருந்தா போதும், எந்தச் செக்கிங்கிலயும் கவலை இல்ல” என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. பையின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த மாவட்டத்தில் உண்மையில் ஓடும் லோடுகளுக்கு எதிரே வைத்துப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹெல்மெட், கம்பூட்ஸ், ஏப்ரன், முக்கோணம் எல்லாம் எந்த லோடுக்கும் ஒத்துவரும். அவற்றுக்காக இந்தப் பையை வாங்கலாம். ஸ்டிக்கர், டிரெம் கார்டு, முகக்கவசம், கையுறை ஆகிய நான்கும் லோடுக்கு லோடு மாறவேண்டியவை. ‘எல்லாத்துக்கும் ஒண்ணு’ என்று இவற்றை விற்பதும் வாங்குவதும் தவறு. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எழுதும் செக் ரிப்போர்ட்டும் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே வருகிறது. கேன் ஒழுகும்போது ஓட்டுநரின் கண்ணும் நுரையீரலும் தப்புவதும் இவற்றால்தான்.

இங்கே என்ன லோடு ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் 35 கிலோ கேன்களில் போகிறது. ரப்பர் பால் கெடாமல் இருக்க லேடெக்ஸ் கம்பெனிகளுக்கு அமோனியா. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களை நம்பியிருக்கும் ஐஸ் பிளாண்டுகளுக்கும் அமோனியா சிலிண்டர். விசைப்படகுகளுக்கு டீசல், பட்டறைகளுக்கு ஆக்சிஜனும் அசிட்டிலினும், குடிநீர்த் தொட்டிகளுக்குக் குளோரினும் பிளீச்சிங் பவுடரும், வீட்டுக்கும் ஓட்டலுக்கும் எல்.பி.ஜி. ஒரே வண்டி இன்று ஆசிட் கேன், நாளை ரப்பர் ஷீட், மறுநாள் நேந்திரங்காய் என்று மாறி மாறி ஏற்றுவது இங்கே சகஜம். பெரிய எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர்களுக்கு அந்த நிறுவனங்களே சட்டதிட்டம் வைத்திருக்கின்றன. இந்தப் பையை வாங்குபவர்கள் சில்லறையாக ஆசிட், சிலிண்டர் ஏற்றும் ஈச்சர், டாரஸ், மினி லாரிக்காரர்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 129 முதல் 137 வரை உள்ளவை ஆபத்தான சரக்கைப் பற்றியவை. சரக்கு அனுப்புபவரின் பொறுப்பு 131-இல், வண்டி உரிமையாளரின் பொறுப்பு 132-இல், ஓட்டுநரின் பொறுப்பு 133-இல், அவசரத் தகவல் பலகை 134-இல். ஓட்டுநருக்கு வேண்டிய தகுதியும் பயிற்சியும் விதி 9-இல். மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(3) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 20,000 ரூபாய், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத் தொகையை உரிமையாளர் கட்டிவிடலாம். மூன்று மாதம் வண்டி ஓட்ட முடியாமல் போவது ஓட்டுநரின் வீட்டு அடுப்பைத் தொடும் விஷயம்.

இனி பையைப் பிரிப்போம்.

ஸ்டிக்கர்

முதலில் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். விதி 134 கேட்பது இது: பொருளின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மி.மீ.க்குக் குறையாத எழுத்தில். ஐக்கிய நாடுகள் எண் (ஆபத்தான பொருள் எது என்று காட்டும் நான்கிலக்க எண்) 100 மி.மீ.க்குக் குறையாத உயரத்தில். என்ன வகை ஆபத்து என்று காட்டும் வகுப்பு லேபிள் 250 மி.மீ. சதுரத்துக்குக் குறையாமல்; அவசர உதவிக்கு அழைக்கவேண்டிய இடத்தின் பெயரும் எண்ணும், சரக்கு அனுப்பியவர் அல்லது விவரம் தெரிந்தவரின் பெயரும் எண்ணும் 50 மி.மீ. எழுத்தில். இந்தப் பலகை வண்டியின் இரண்டு பக்கத்திலும் பின்புறத்திலும் இருக்கவேண்டும். முன் பம்பரில் ஒட்டுவது அழகுக்கு மட்டும். விதி கேட்கும் மூன்று இடங்களில் அது சேராது.

பையில் சுருட்டி வரும் ஸ்டிக்கர் ஏ4 தாள் அளவில் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. அதற்குள் 250 மி.மீ. சதுரம் எப்படி அடங்கும்? லேபிள் சாய்சதுரமாக, முனை மேலே இருக்கும்படி வருவதால் 250 மி.மீ. பக்கமுள்ள லேபிளுக்கு முனைக்கு முனை 354 மி.மீ. தேவை. பக்கத்தில் பெயர், எண், இரண்டு தொலைபேசி வரி எல்லாம் விதிப்படியான உயரத்தில் வரவேண்டும் என்றால் பலகை ஏறக்குறைய இரண்டடிக்கு மூன்றடி வரும். ஸ்டிக்கர் வெட்டும் கடையில் இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அடிக்கச் சொல்வதே சரியான வழி.

அளவைவிட அதிகம் தவறுவது எண். ஃபார்மிக் ஆசிட்டை எடுத்துக்கொள்வோம். 85 சதவீதத்துக்கு மேல் செறிவு உள்ளது என்றால் ஐ.நா. எண் 1779, அரிக்கும் பொருளுக்கான வகுப்பு 8, அதோடு தீப்பற்றும் தன்மைக்கான வகுப்பு 3 துணை லேபிளும் வேண்டும். 10 முதல் 85 சதவீதம் வரை என்றால் எண் 3412. வகுப்பு 8 மட்டும். தோட்டத்துக்குப் போகும் கேனில் 85 சதவீதம் என்று போட்டிருந்தால் அது 3412. கடையில் ‘ஃபார்மிக் ஆசிட்’ என்று ஒரே ஸ்டிக்கர்தான் கிடைக்கிறது, அதில் 1779 என்று இருக்கிறது என்றால் 85 சதவீத லோடுக்கு அது தவறான பலகை. இன்வாய்ஸில் ஒரு எண், பலகையில் வேறு எண் என்று தெரிந்த நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் மற்ற எல்லாவற்றையும் துருவ ஆரம்பிப்பார், அது நியாயமும்கூட. தீயணைப்புக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

அமோனியாவிலும் இதே கதை. சிலிண்டரில் அழுத்தத்தில் வரும் நீரற்ற அமோனியா 1005. நச்சு வாயு வகுப்பு 2.3, துணையாக 8. கேனில் வரும் அமோனியாத் தண்ணீர், 10 முதல் 35 சதவீதம் வரை உள்ளது, 2672, வகுப்பு 8. முதலாவது கசிந்தால் ஊரையே அப்புறப்படுத்தவேண்டி வரலாம், இரண்டாவது அப்படிப்பட்டதல்ல. ‘அமோனியா’ என்ற ஒரே ஸ்டிக்கரை இரண்டுக்கும் ஒட்டுவது பெரிய தவறு. மற்றபடி இங்கே அடிக்கடி தேவைப்படும் எண்கள்: பெட்ரோல் 1203, டீசல் 1202, எல்.பி.ஜி. 1075, அழுத்த ஆக்சிஜன் 1072, திரவ ஆக்சிஜன் 1073, அசிட்டிலின் 1001, குளோரின் 1017, சாதாரண பிளீச்சிங் பவுடர் 2208.

தரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்தில் கடல் காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்து அடிக்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் காற்று ஸ்டிக்கரின் ஒரு முனையைப் பிடித்தால் முழுசாக உரித்துவிடும். இரும்புத் தகட்டில் ஒட்டியது ஆணித் துளையிலிருந்தே துருப்பிடித்து வரும். அலுமினியத் தகடோ ஏ.சி.பி. ஷீட்டோ (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த தகடு) போட்டு, ஒளி பிரதிபலிக்கும் வினைலை ஒட்டி, ஓரம் மடித்து ரிவெட் அடிப்பது நிற்கும். மலிவு மையில் அச்சிட்ட சிவப்பு வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும்; வகுப்பு 3-க்குச் சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கவேண்டும். பலகை சுத்தமாக, மறைப்பில்லாமல் இருக்கவேண்டும் என்பதும் விதியிலேயே உண்டு. பக்கப் பலகைமேல் தார்ப்பாய் தொங்குவதும், பின்கதவைத் திறந்து மடக்கினால் பின்பலகை மறைவதும் சும்மா வாங்கிக் கட்டிக்கொள்ளும் சலான்கள். பலகையைத் தார்ப்பாய் கொக்கிக்குக் கீழே இறக்கி வையுங்கள்.

நிரந்தரமாக ஒட்டிவிடுவதுதான் இந்த ரெடிமேட் ஸ்டிக்கரின் பெரிய குறை. நேந்திரங்காய் ஏற்றிய வண்டியில் ஆசிட் பலகை இருந்தால் அதுவும் பொய்த் தகவல்தான். அந்தப் பயணத்தில் ஏற்றியிருக்கும் சரக்குக்கு உரியதைத்தான் காட்டவேண்டும். மூன்று இடத்திலும் மேலும் கீழும் அலுமினியச் சேனல் அடித்து, தகட்டை பக்கவாட்டில் செருகி ஒரு பின் போடும்படி செய்துகொண்டால் லோடு மாறும்போது தகட்டை மாற்றினால் போதும். இதில் ஒன்றை மறக்கக்கூடாது: ஆசிட் இறக்கிய வெறும் கேன், காலி அமோனியா சிலிண்டர், கழுவாத டேங்கர் ஆகியவை நிறைந்தவை போலவே கருதப்படும். திரும்பி வரும்போதும் பலகை இருக்கவேண்டும்.

டிரெம் கார்டு

பையில் வரும் கார்டில் ‘பெட்ரோல், டீசல், எல்.பி.ஜி., ஆசிட்’ என்று நான்கையும் ஒரே தாளில் அடித்திருந்தால் அது எந்த லோடுக்கும் உதவாது. அந்தச் சரக்கின் பெயர், தன்மை, என்ன ஆபத்து, என்ன பாதுகாப்பு அணியவேண்டும், கசிந்தால் என்ன, தீப்பிடித்தால் என்ன, முதலுதவி என்ன, யாரை அழைப்பது என்று எழுத்தில் இருக்கவேண்டும். இதைக் கடையில் வாங்கவே கூடாது. சரக்கு அனுப்புபவர் முழு விவரத்தைத் தரவேண்டும் என்பது விதி 131. அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்பது 132. இன்வாய்ஸ் வாங்கும் அதே கையோடு டிரெம் கார்டையும் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் லோடு ஏற்ற வேண்டாம்.

கார்டு ஓட்டுநர் கேபினில், கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். டூல் பாக்ஸிலோ உரிமையாளர் வீட்டு அலமாரியிலோ இருப்பது இல்லாததற்குச் சமம். ஓட்டுநர் வாசிக்கும் மொழியில் ஒன்று வேண்டும். களியக்காவிளை தாண்டிப் போகும் வண்டியில் மலையாளத்திலும் ஒன்று வைப்பது நல்லது. அங்கே விபத்து நடந்தால் முதலில் ஓடி வருபவர் அந்த ஊர்க்காரராக இருப்பார். போன லோடின் கார்டை இறக்கியவுடன் எடுத்துவிடுங்கள். இரண்டு கார்டு கேபினில் கிடந்தால், ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும்போது வருபவர் எதை நம்புவார்?

முகக்கவசமும் கையுறையும்

இந்தப் பையின் மிக மோசமான பொருள் முகக்கவசம். தூசிக்குப் போடும் துணி மாஸ்க்கையோ நீல நிற மருத்துவ மாஸ்க்கையோ போட்டிருக்கிறார்கள். வாயுவை இது ஒரு துளியும் தடுக்காது. கணக்கில் காட்ட ஒரு மாஸ்க் என்று வைப்பது, ஓட்டுநருக்குப் பொய்யான தைரியம் கொடுத்துக் கசிவின் பக்கம் அனுப்பும் வேலை. இதற்கு எங்களிடம் சமாதானம் கிடையாது.

வேண்டியது ரப்பர் முகப்பகுதியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் கவசம். கார்ட்ரிட்ஜின் நிறப் பட்டை முக்கியம்: அமோனியாவுக்குப் பச்சை, அதாவது ‘கே’ வகை; குளோரின் போன்றவற்றுக்குச் சாம்பல், ‘பி’ வகை; கரிம ஆவிக்குப் பழுப்பு, ‘ஏ’ வகை; அமில வாயுவுக்கு மஞ்சள், ‘ஈ’ வகை. லோடு மாறி மாறி ஓடும் வண்டிக்கு நான்கும் சேர்ந்த கூட்டு கார்ட்ரிட்ஜ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கண்ணையும் மூடும் முழுமுகக் கவசமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அமோனியா முதலில் தாக்குவது கண்ணைத்தான். காலாவதித் தேதியைப் பாருங்கள். சீல் உடைத்த கார்ட்ரிட்ஜ் காற்றிலேயே மெல்லச் செயலிழக்கும் என்பதால் செக்கிங்கில் காட்டுவதற்காகப் பிரித்து மாட்டி வைக்காதீர்கள்.

இதற்கும் எல்லை உண்டு. கார்ட்ரிட்ஜ் கவசம் ஓடித் தப்பிக்கத்தான். பெரிய கசிவின் உள்ளே போய் வால்வை மூட அல்ல. காற்றில் அமோனியா 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு), குளோரின் 10 பி.பி.எம். தாண்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே முதுகில் காற்று சிலிண்டர் சுமந்த தீயணைப்புத் துறையினர்தான் போகவேண்டும். ஓட்டுநர் செய்யவேண்டியது காற்று வரும் திசைப் பக்கம் விலகி நின்று ஆட்களைத் தடுப்பது. கசிந்து தரையில் தேங்கிய திரவ அமோனியாமேல் தண்ணீர் பீய்ச்சக்கூடாது. தண்ணீரின் சூட்டில் அது இன்னும் வேகமாக ஆவியாகும். காற்றில் பரவும் ஆவியை மட்டும் தூரத்திலிருந்து தண்ணீர்த் தூவலால் அடக்கலாம்.

கையுறையில் மெல்லிய நைட்ரைல் வந்தால் டீசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செறிவான ஃபார்மிக் ஆசிட்டுக்கு அது நீண்ட நேரம் தாங்காது. பியூட்டைல் அல்லது நியோபிரீன், முழங்கை வரை நீளமானது, கேட்டு வாங்கவேண்டும். எல்.பி.ஜி., திரவ ஆக்சிஜன் போன்ற குளிர் பொருளுக்குப் பிளாஸ்டிக் கையுறை விறைத்துப் பிளந்துவிடும். அதற்குக் குளிர் தாங்கும் கையுறை தனி. ஆக்சிஜன் கையாளும் கையுறையில் கிரீஸ், எண்ணெய் படவே கூடாது.

கசிவுக்கு வைக்கும் பொருள்

சில பைகளில் ஒரு கிலோ சலவைச் சோடா பொட்டலம் இருக்கும். ‘ஆசிட் கொட்டினா தூவுங்க’ என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 சதவீத ஃபார்மிக் ஆசிட் 35 கிலோ கேன் ஒன்றில் சுமார் 30 கிலோ தூய ஆசிட் இருக்கிறது. அதை முழுசாகச் சமன்படுத்த நீரேறிய சுண்ணாம்புத் தூள் என்றால் சுமார் 24 கிலோ, சோடா ஆஷ் என்றால் சுமார் 34 கிலோ வேண்டும். சோடா ஆஷ் போட்டால் 14 கிலோ கரியமில வாயுவும் சூடும் கிளம்பும். ஒரு கிலோ பொட்டலம் கையுறையைக் கழுவத்தான் காணும்.

அதனால் சமன்படுத்துவதை நம்பாமல், பரவாமல் அணைகட்டுவதை நம்பவேண்டும். காய்ந்த மணல் இரண்டு சாக்கு. அது ஓடையையும் வாய்க்காலையும் நோக்கி ஓடும் ஆசிட்டைத் தடுக்க. இந்த மாவட்டத்தில் எந்த ரோட்டோரமும் ஒரு வாய்க்காலிலோ குளத்திலோதான் முடிகிறது, அதை மனதில் வையுங்கள். அதோடு வாய் அகலமான, ஒரு கேன் முழுதாக உள்ளே இறங்கும் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. ஒழுகும் கேனை, ஓட்டை மேலே வரும்படி திருப்பி டிரம்முக்குள் இறக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூடியை இறுக்க வேண்டாம். செறிவான ஃபார்மிக் ஆசிட் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிடும். வெயிலில் நின்ற கேன் உப்புவதும் இதனால்தான். கேன்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே அடுக்கவேண்டும், காற்று போகும் மூடியை டேப் போட்டு அடைக்கக்கூடாது. மரத்தூள் இங்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதால் அதை வைக்கிறார்கள். டீசலுக்குச் சரி, பிளீச்சிங் பவுடர் போன்ற ஆக்சிஜனேற்றிகளுக்கு அது தீக்கு எரிபொருள்.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் கேனையும் ஒரே வண்டியில் ஏற்றினால், இரண்டும் கலந்த இடத்தில் குளோரின் வாயு வரும். எந்தக் கிட்டும் இதைச் சரிசெய்யாது.

கண் கழுவும் அரை லிட்டர் பாட்டில் போதாது. ஆசிட் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். கேபின் பின்னால் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு கட்டிவையுங்கள், அடியில் குழாயோடு.

தீயணைப்பு, டார்ச் போன்றவை

ஒரு கிலோ சிலிண்டர் கேபினில் இருக்கட்டும். எண்ணெய், வாயு லோடுக்கு 10 கிலோ டி.சி.பி. (உலர் ரசாயனப் பொடி) சிலிண்டர் வெளியே, பூட்டில்லாமல், சட்டென்று கழற்றும்படி வேண்டும். முள் பச்சையில் இருக்கிறதா, ரீஃபில் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். டார்ச் சாதாரணமானது என்றால் பெட்ரோல், எல்.பி.ஜி. கசிவருகே அதை ஆன் செய்வதே பொறிக்குக் காரணமாகலாம். ஃபிளேம் புரூஃப் சான்று உள்ளதாக மாற்றுங்கள். சைலன்சரில் மாட்டும் ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி தடுப்பான்) பையில் வராது, ஆனால் விதி 129ஏ அதைக் கேட்கிறது. முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் குறை சொல்லும்படி இல்லை.

சலான் விழுந்த பிறகு

சில கடைகள் கிட்டோடு ‘சலான் வந்தா நாங்க பாத்துக்கிறோம்’ என்ற சேவையையும் சேர்த்து விற்கின்றன. இதற்கு எங்கள் மதிப்பீடு குறைவு. ஏஜெண்ட் செய்யக்கூடியது பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பணம் கட்டுவது. அதை யாரும் செய்யலாம். செய்யவேண்டிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

செக் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எந்த விதி, எந்தப் பிரிவு என்று அந்த இடத்திலேயே வாசியுங்கள். பலகை குறை என்றால் வண்டியின் மூன்று பக்கத்தையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். லைசென்ஸ், ஆர்.சி., எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) கையில் இல்லை என்பதுதான் காரணம் என்றால், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகனில் காட்டுவது அசலுக்குச் சமம். ஆபத்து சரக்கு ஓட்டுவதற்கான மேலெழுத்து (எண்டார்ஸ்மென்ட்) லைசென்ஸில் ஏறியிருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்து மேலெழுத்து ஏறாமல் இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. டி.என்.74 (நாகர்கோவில்) என்றாலும் டி.என்.75 (மார்த்தாண்டம்) என்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிந்தால்தான் செல்லும்.

குறை சரக்கு அனுப்பியவருடையது என்றால், உதாரணமாகக் கேனில் லேபிள் இல்லை, இன்வாய்ஸில் செறிவு எழுதவில்லை, டிரெம் கார்டு தரவில்லை என்றால், அன்றைக்கே விதி 131-ஐக் குறிப்பிட்டு அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் ஓட்டுநருக்கு உதவும் தாள் அதுதான். 190(3)-இல் ஓட்டியவர் மட்டும் இல்லை, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் வருகிறார்கள் என்பதால் உரிமையாளர் ‘டிரைவர் பாத்துக்கட்டும்’ என்று ஒதுங்க முடியாது. சரிசெய்த பின் படம், பில், தேதி மூன்றையும் சேர்த்து வையுங்கள், அடுத்த எஃப்.சி.க்கும் அதே கோப்பு உதவும். குறையைச் சரிசெய்யாமல் அபராதத்தை மட்டும் கட்டி ஓட்டினால் அடுத்தது ‘மறுமுறை’க் கணக்கில் விழும்.

விபத்தோ கசிவோ நடந்திருந்தால் இது எதுவும் முதலில் இல்லை. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் உடனே சொல்லவேண்டும், இது விதி 136. அழைக்க 112; தீயணைப்புக்கு 101; எல்.பி.ஜி. கசிவுக்கு 1906.

பயிற்சிச் சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே கிட்டோடு சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மூன்று நாள் பயிற்சியில் தற்காப்பு ஓட்டுதல், மேம்பட்ட ஓட்டுதல், சரக்குப் பாதுகாப்பு என்று மூன்று பகுதி இருக்கிறது. மூன்றாவது பகுதிதான் கேன் ஒழுகும் இரவில் ஓட்டுநரின் தலையில் இருக்கவேண்டியது.

வாங்கும் முறை

முழுப் பையாக வாங்காமல் பொருளைத் தனித்தனியாகப் பில் போடச் சொல்லுங்கள். சில கடைகள் சம்மதிக்கின்றன. ஹெல்மெட், முழு ஏப்ரன், கம்பூட்ஸ், முக்கோணம், முதலுதவிப் பெட்டி கடையிலேயே எடுக்கலாம். கம்பூட்ஸை ஓட்டுநரையும் கிளீனரையும் போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். பையில் ஒரே ஜோடிதான் வருகிறது, வண்டியில் இரண்டு பேர் போகிறார்கள். கவசமும் கார்ட்ரிட்ஜும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்பவரிடம், பொருளின் பெயரும் செறிவும் எழுதிக் கொடுத்து வாங்கவேண்டும். பில்லில் கார்ட்ரிட்ஜ் வகையும் காலாவதி மாதமும் எழுதி வாங்குங்கள். கேபின் கதவின் உள்பக்கம் அந்த மாதத்தை மார்க்கரால் எழுதி வைத்தால், எஃப்.சி.க்குப் போகும் வாரத்தில் தேட வேண்டியிருக்காது.